தறப்பாளைப் பொடியாக்கிய வெயில்

நீரில் மிதக்கும் பிளாஸ்ரிக்கைச் சூரிய ஒளி அழிக்கிறதா, மறைக்கிறதா?

முகாம் வாழ்வை அறிந்தவர்களுக்குத் தறப்பாளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறித் தென்மராட்சியிலும் பின்னர் வன்னியிலும் மரநிழல்களில் தங்கியவர்களும், 2009இல் வவுனியா முகாம்களில் இருந்தவர்களும் அதனையே கூரையாகவும் சுவராகவும் கொண்டு காலம் கழித்தவர்கள். புதிதாகக் கைக்கு வரும்போது எவ்வளவு இழுத்தாலும் கிழியாத உறுதியுடன் அது இருக்கும். கோடைகள் சில கழிந்தபின் அதே தறப்பாளின் விளிம்பைப் பிடித்தால் நூல் நூலாகப் பிரியும். மடித்தால் மடிப்பு வெடிக்கும். விரலால் தேய்த்தால் வெண்பொடி கையில் ஒட்டும். அடுத்து வரும் மழை அந்தப் பொடியை வாய்க்காலுக்கும், வாய்க்கால் அதனைக் குளத்துக்கும் கடலுக்கும் கொண்டு சென்றுவிடும். "வெயில் தின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த தறப்பாளுக்காக வரிசையில் நின்றோம்.

வெயில் உண்மையிலேயே அதனைத் தின்றதா? பல ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வி வேறோர் இடத்தில் எழுகின்றது.

லாச்சப்பலில், ரூ காய் வீதியில், சனிக்கிழமைகளில் மரக்கறியும் மீனும் வாங்க வரும் குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்து வருவது வழக்கம். சாமான்களை வாங்கி முடித்தபின், வானிலை நன்றாக இருந்தால், ஸ்ராலின்கிராட் பக்கமாக நடந்து வில்லெத் நீர்த்தேக்கத்தின் கரையில் சற்று இளைப்பாறுவோரும் உண்டு. அங்கே தண்ணீரில் ஒரு வெற்றுப் போத்தலோ பையோ மிதந்துகொண்டிருக்கும். "அப்பா, உது வெயிலுக்குக் கரைஞ்சு போகாதோ?" என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சரியாக விடையளிக்க முடியும்?

வெயிலைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டு வளர்ந்தவர்கள் நாம். பாயையும் தலையணையையும் வெயிலில் போடுவோம்; மிளகாயும் ஒடியலும் கருவாடும் வெயிலில் காய்ந்தால்தான் கெடாது. கிருமிகளைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை அறிவியலுக்கும் ஒத்ததே. பிளாஸ்ரிக் விடயத்தில் மட்டும் அதே வெயில் நமக்கு வேறொரு பாடத்தைச் சொல்லித் தருகின்றது.

ஒளி செய்யும் வேலை

பை, போத்தல் மூடி, மீன்பிடி வலை, கயிறு, தறப்பாள் ஆகியவற்றுட் பெரும்பாலானவை பொலித்தீன், பொலிபுரொப்பிலீன், நைலோன் போன்ற பல்பகுதியங்களால் ஆனவை. பல்பகுதியம் என்பது ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி மூலக்கூறாகும். இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே பொருளின் உறுதிக்குக் காரணம். தென்னந்தும்பில் திரித்த கயிற்றை நினைத்துப் பார்க்கலாம். தும்புகள் நீளமாக இருக்கும்வரை கயிறு தாங்கும். அதே தும்புகளைக் கத்தரியால் அங்குலம் அங்குலமாக நறுக்கிவிட்டால் கயிறு இருக்காது. ஆயினும் தும்பின் நிறையில் ஒரு துளியும் குறைந்திருக்காது. அவ்வாறான கத்தரியின் வேலையைத்தான் வெயில் செய்கின்றது.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 290 முதல் 400 நனோமீற்றர் வரையான அலைநீளமுடையவை பூமியின் தரையை வந்தடைகின்றன. நம் தோலைக் கருக்குபவையும் இவையே. காபனுக்கும் காபனுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கப் போதிய சக்தி இவற்றிடம் உண்டு. விந்தை யாதெனில், முற்றிலும் தூய பொலித்தீன் இக்கதிர்களை உறிஞ்சுவதே இல்லை. அவை அதனை ஊடுருவிச் சென்றுவிடும். ஆனால் தொழிற்சாலையில் உருவாகும் எந்தப் பொலித்தீனும் முற்றிலும் தூயதன்று. உருக்கும்போது ஏற்பட்ட சிறு ஒட்சியேற்றம், எஞ்சிய ஊக்கிகள், கலந்த நிறங்கள் ஆகியன அதில் ஆங்காங்கே இருக்கும். கதிர்கள் இவ்விடங்களிலேயே பிடிபடுகின்றன.

அவ்விடத்தில் ஒரு பிணைப்பு அறுந்ததும் சுயாதீன மூலிகம் எனப்படும், எதனுடனும் உடனே தாக்கம் புரியும் ஒரு துண்டு பிறக்கின்றது. காற்றிலும் நீரிலும் உள்ள ஒட்சிசன் அதனுடன் சேர்கின்றது. அதிலிருந்து மேலும் மூலிகங்கள் உருவாகின்றன. அவை அயற்சங்கிலிகளைத் தாக்குகின்றன. ஒட்சிசன் சேர்ந்த இடங்கள் கதிர்களை முன்னிலும் நன்றாக உறிஞ்சுவதால் அடுத்த அறுப்பு இன்னும் எளிதாகின்றது. தொடக்கத்தில் ஊர்ந்து செல்லும் இச்செயல் பின்னர் ஓட்டமெடுப்பதன் காரணம் இதுவே.

தறப்பாள் நெடுநாள் எவ்வித மாற்றமுமின்றி இருந்து, பின்னர் சில மாதங்களுக்குள் திடீரெனப் பொடிந்துபோனதன் மறைபொருளும் இங்கேதான் உள்ளது. இத்தகைய விரிப்புகளில் கழியூதாக் கதிர்களைத் தடுக்கும் அல்லது மூலிகங்களை அடக்கும் பதார்த்தங்களை உற்பத்தியின்போதே கலக்கிறார்கள். அவை காவலாளிகள் போன்றவை. காவல் நிற்கும்வரை பொருள் நிற்கும். அவை செலவழிந்து தீர்ந்த நாளிலிருந்து வெயிலுக்குத் தடை இல்லை. புகைக்கரி கலந்த கறுப்புக் குழாய்கள் வெள்ளைப் பைகளைவிட நெடுங்காலம் தாங்குவதும் கரி கதிர்களைத் தன்னிடத்தே தடுத்து நிறுத்துவதால்தான்.

இத்தாக்கம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நடைபெறுகின்றது. ஒளியும் ஒட்சிசனும் உள்ளே ஆழமாகச் செல்வதில்லை. மேற்றோல் நொறுங்கும் தன்மை பெற்று, வறண்ட குளத்தின் சேறு போல வெடிக்கின்றது. அலை, காற்று, மணல் ஆகியன அந்த வெடிப்புகளைப் பிரித்தெடுக்கின்றன. தோல் உதிர்ந்ததும் புதிய மேற்பரப்பு வெயிலுக்கு முகம் காட்டுகின்றது. இவ்வாறு பிரிந்து ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைவான அளவை அடைந்தவற்றையே நுண்பிளாஸ்ரிக் என்கிறோம். 2004இல் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தொம்சனும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே இச்சொல் உலகெங்கும் பரவியது.

மணலில் விரைவு, நீரில் தாமதம்

ஒரே பிளாஸ்ரிக் துண்டு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் பெரிதும் வேறுபடும். அமெரிக்காவின் மயாமிக்கு அருகேயுள்ள குடாவில் அந்தனி அண்ட்ராடி என்ற பல்பகுதிய அறிஞர் நடத்திய சோதனைகள் இதனைத் தெளிவாக்கின. ஒரே வகையான பிளாஸ்ரிக் நாடாக்களில் சிலவற்றைத் தரையில் வெயிலிலும் சிலவற்றைக் கடல்நீரில் மிதக்கவும் விட்டபோது, தரையிலிருந்தவை தமது இழுபடும் தன்மையை ஓராண்டுக்குள் பெருமளவு இழந்துவிட்டன. நீரில் மிதந்தவையோ அதில் சிறு பங்கையே இழந்திருந்தன.

காரணங்கள் பல. நண்பகல் மணலில் கிடக்கும் துண்டு காற்றைவிட மிகுதியாகச் சூடேறும். சூடு ஒட்சியேற்றத்தை விரைவுபடுத்தும். நீரோ அதனைக் குளிர்த்தி வைத்திருக்கும். மேலும், நீரில் விழுந்த துண்டின்மீது சில நாட்களுக்குள் பாசியும் நுண்ணுயிர்களும் படர்ந்து ஒரு போர்வையை இட்டுவிடுகின்றன. போர்வை தடித்தால் ஒளி தடைப்படும். பாரம் கூடினால் துண்டு தாழும். தாழ்ந்துவிட்டால் கழியூதாக் கதிர்கள் அங்கே எட்டுவதில்லை.

இயற்கை நீர்நிலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலைகுழைகள் அழுகுவதால் உண்டாகும் பதார்த்தங்கள் ஆற்றுக்கும் குளத்துக்கும் தேநீர்ச் சாயலைத் தருவதை நாம் கண்டிருக்கிறோம். அவை ஒருபுறம் கதிர்களை உறிஞ்சிப் பிளாஸ்ரிக்குக்குக் குடை பிடிக்கின்றன. மறுபுறம், உறிஞ்சிய சக்தியால் தாக்கம் மிகுந்த ஒட்சிசன் வடிவங்களை உருவாக்கிப் பிளாஸ்ரிக்கைத் தாக்கவும் செய்கின்றன. எது மேலோங்கும் என்பது நீரின் கலங்கலையும் ஆழத்தையும் பொறுத்தது. ஆழங்குறைந்த, தெளிந்த, வெப்பமான யாழ்ப்பாணக் கடனீரேரி போன்ற இடத்தில் வெயிலின் கை ஓங்கும். கலங்கி ஓடும் ஆற்றில் அது தளரும்.

துண்டின் வடிவமும் கணக்கில் வருகின்றது. துலூஸ் நகரின் ஆய்வாளர் அலெக்சாந்திரா தெர் ஹால் தலைமையிலான குழுவினர் வட அத்திலாந்திக்கில் சேகரித்த துண்டுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். தட்டையான துண்டுகள் எப்போதும் ஒரு முகத்தையே வானுக்குக் காட்டி மிதக்கின்றன. அம்முகம் வெளிறி வெடிக்க, மறுமுகத்தில் உயிரிகள் குடியேறுகின்றன. மேலும் உடைந்து கனசதுரம் போன்ற உருவை அடைந்தவையோ அலையில் உருண்டு புரண்டு எல்லாப் பக்கமும் ஒரேயளவாகத் தேய்கின்றன.

செயின் நதியின் சேறு

இனி நாம் வாழும் நகரத்தைப் பார்ப்போம். பாரிஸ் ஏறக்குறைய 49 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. யாழ்ப்பாணம் 10 பாகைக்குச் சற்றுக் கீழே. டிசம்பர் மாதத்துப் பாரிஸ் வெயிலில் கழியூதாக் கதிர்கள் மிகச் சொற்பம். அதனுடன் செயின் நதியின் கலங்கலும் சேரும்போது, இங்கே ஆற்றில் விழும் பிளாஸ்ரிக்குக்கு வெயிலால் வரும் இடர் மிகக் குறைவு எனலாம்.

இதற்குச் சான்று நதியின் கரையிலேயே உள்ளது. பாரிஸ் பகுதிப் பல்கலைக்கழகங்களின் நீராய்வுக் கூடமான லீசுவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், செயின் நதி கடலுடன் கலக்கும் முகத்துவாரப் பகுதியில் ஒதுங்கிக் கிடந்த பொதிகளை எடுத்து, அவற்றில் அச்சிடப்பட்டிருந்த திகதிகளைக் கொண்டே அவை எவ்வளவு காலம் அங்கே சுற்றிக்கொண்டிருந்தன எனக் கணித்து 2020இல் கட்டுரை வெளியிட்டனர். பல பத்தாண்டுகளுக்கு முற்பட்ட பொதிகளும் அவற்றுள் இருந்தன. நாணல்களுக்கிடையே சேற்றில் புதைந்து வெயில் படாமல் கிடந்ததால் எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது. நம் ஊரின் மணலிலே கிடந்திருந்தால் அந்த எழுத்தும் இராது, பொதியும் இராது.

எல்லாப் பிளாஸ்ரிக்கும் மிதப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை. தண்ணீர்ப் போத்தலும் பொலியெஸ்ரர்த் துணியும் ஒரே குடும்பத்துப் பதார்த்தத்தால் ஆனவை. அது நீரைவிடக் கனமானது. மூடியிட்ட போத்தல் உள்ளிருக்கும் காற்றால் மிதந்தாலும் அதன் உடைந்த துண்டுகள் தாழ்ந்துவிடும். சேலையையும் சட்டையையும் இயந்திரத்தில் துவைக்கும்போது பிரியும் இழைகளும் அவ்வாறே. ஆற்றின் அடியில் தங்கும் அவற்றை வெயில் ஒருபோதும் காண்பதில்லை.

இழைகள் நீர்வழியாக மட்டும் வருவதில்லை. அதே ஆய்வுகூடத்தினர் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாரிஸ் பிரதேசத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் நாளொன்றுக்கு 2 முதல் 355 வரையான இழைகள் வானிலிருந்து விழுவதாகக் கணக்கிட்டனர். அவற்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெற்றோலியத்திலிருந்து பிறந்த பதார்த்தங்களைக் கொண்டிருந்தது. ரூ காயின் கூரைகளிலும் இவை விழுகின்றன; மழையோடு வடிகாலை அடைகின்றன.

2025 யூலையில், 1923 முதல் நடைமுறையில் இருந்த தடை நீங்கி, செயின் நதியில் மூன்று இடங்களில் பொதுமக்கள் குளிக்க அனுமதிக்கப்பட்டனர். நதியின் தூய்மையைக் கிருமிகளின் எண்ணிக்கையைக் கொண்டே அளந்தார்கள். கிருமிகள் வெயிலில் மடியும். பிளாஸ்ரிக் இழைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

கரையொதுங்கிய வெண்மணிகள்

வெயில் மங்கிய ஆற்றிலிருந்து வெயில் தகிக்கும் நம் கடலுக்கு வருவோம். 2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த சிங்கப்பூர்க் கொடியுடைய எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பலில் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களைச் சுமந்திருந்த அக்கப்பலில் நைத்திரிக் அமிலத்துடன் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் இருந்தன. தொழிற்சாலைகளில் உருக்கிப் பொருள்களாக வார்ப்பதற்கான மூலப்பொருளே இம்மணிகள், ஒவ்வொன்றும் பருப்பளவு. யூன் மாதத்தில் கப்பல் மூழ்கியது. பமுனுகம, சரக்குவ, நீர்கொழும்புக் கரைகளில் மணிகள் பனிபோலக் குவிந்தன. கடற்றொழில் தடைசெய்யப்பட்டது, வள்ளங்கள் கரையேறின, மீன் வாங்கவும் மக்கள் அஞ்சினர். உலகில் பதிவான பிளாஸ்ரிக் மணிச் சிதறல்களில் இதுவே பெரியது என ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டத்தின் குழு கூறியது.

இலங்கையின் கடலியல் அறிஞர் ஆஷா டி வொஸ், அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் ஆய்வு நிறுவனத்தினருடன் சேர்ந்து அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒரு முக்கிய வேறுபாட்டைச் சுட்டியது. கரையில் ஒதுங்கியவை எல்லாம் வெண்மணிகள் அல்ல. தீயில் வெந்து, கருகி, ஒன்றோடொன்று ஒட்டிய துண்டுகளும் இருந்தன. இவற்றின் வேதிச் சேர்க்கை எரியாத மணிகளினதைவிட மிகச் சிக்கலானது. இவை இலகுவில் நொறுங்கவும் கூடியவை. தீ பல ஆண்டு வெயிலின் வேலையை ஒரு சில நாட்களிலேயே செய்துவிட்டது எனலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மே 25ஆம் திகதி, கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் அவற்றை மன்னார்க் கரைக்கும் கொண்டு வந்து சேர்த்தது. வாடி அமைத்துக் கரைவலை இழுப்போரின் காலடியில் அந்த வெண்மணிகள் கிடந்தன. அதே ஆண்டு யூலையில், எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்கு இலங்கை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மணிகளைக் கரையிலிருந்து அகற்றியவர்கள் பயன்படுத்திய கருவிகளுள் எளியதும் பயன்மிக்கதும் அரிதட்டு. நம் வீட்டில் மா அரிப்பது போல மணலை அரித்தார்கள். மணல் கீழே விழ, மணி மேலே தங்கியது. மணி முழுதாக இருக்கும்வரை இந்த அரிதட்டு வேலை செய்யும். வெயிலில் வெளிறி, மஞ்சளாகி, வெடித்து, மணல்மணியளவு உடைந்துவிட்டால் அரிதட்டுக்கு அது மணலாகவே தோன்றும். மன்னாரின் வெயிலில், சுடுமணலில் கிடக்கும் பிளாஸ்ரிக்குக்கு இந்த மாற்றம் ஆற்றுச் சேற்றில் கிடப்பதைவிடப் பன்மடங்கு விரைவில் நேரும். ஆகவே, கரையைத் துப்புரவாக்கும் மனிதரின் கைக்கும் வெயிலுக்கும் இடையே ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கின்றது. வெயில் முந்திவிட்டால், அதன்பின் எந்த நட்டஈட்டைக் கொண்டும் அந்தப் பொடியைத் திரட்டியெடுக்க இயலாது.

காணாமற்போன கணக்கு

பொடிந்தவை எங்கே போகின்றன? ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் அந்திரேஸ் கொசாரும் குழுவினரும் உலகப் பெருங்கடல்களின் மேற்பரப்பை வலையால் வாரி 2014இல் வெளியிட்ட கணக்கில் ஒரு புதிர் இருந்தது. பெரிய துண்டுகள் உடைந்துகொண்டே போனால் சிறிய துண்டுகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகவேண்டும். ஆனால் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தவை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே கிடைத்தன. சில தாழ்ந்திருக்கலாம், சிலவற்றை மீன்கள் விழுங்கியிருக்கலாம், சில வலைக்கண்ணில் நழுவும் அளவுக்குச் சிறுத்திருக்கலாம்.

பின்வந்த ஆய்வுகள் புதிரின் சில பகுதிகளை அவிழ்த்தன. 2017இல் தெர் ஹால் குழுவினர் வட அத்திலாந்திக் நீரில் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் சிறிய நனோ பிளாஸ்ரிக்கைக் கண்டறிந்தனர். 2023இல் ஒல்லாந்தின் அரச கடலாய்வு நிறுவனத்தினர், செயற்கை வெயிலில் கடல்நீர்ச் சோதனை நடத்தி, மிதக்கும் நுண்பிளாஸ்ரிக் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2 வீதம் என்ற அளவில் கண்ணுக்குப் புலப்படாத வடிவங்களுக்கு மாறுகின்றது எனக் கணித்தனர். 2025இல் அதே நிறுவனத்தாரும் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்தாரும் வெளியிட்ட கணக்கின்படி, வட அத்திலாந்திக்கின் மேல்நீரில் மட்டும் நனோ பிளாஸ்ரிக் ஏறக்குறைய 2 கோடியே 70 இலட்சம் தொன் உள்ளது. கண்ணால் காணும் குப்பையைவிடக் காணாத குப்பையே பெரிது என்ற எண்ணத்துக்கு இக்கணக்கு வலுச்சேர்க்கின்றது.

முழுதாக அழிவதே இல்லையா என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஒரு பகுதி உண்மையாகவே அழிகின்றது. அறுந்த சங்கிலிகள் போதிய அளவு குறுகினால் நீரில் கரைகின்றன. கரைந்த காபனில் பெரும்பகுதியைப் பக்ரீரியாக்கள் உண்கின்றன. ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகின்றது. 2019இல் வூட்ஸ் ஹோல் ஆய்வாளர்கள் பொலிஸ்ரைரீனைப் பற்றி இதனை நிறுவினர். சாப்பாட்டுப் பெட்டியாக நாம் அறிந்த ரெஜிபோம் அதன் ஒரு வடிவமே. சூரிய ஒளி சில பத்தாண்டுகளில் அதனைப் பகுதியளவு கரைக்கும் என்றும், முற்றாகக் காபனீரொட்சைட்டாக மாற்றச் சில நூற்றாண்டுகள் செல்லும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். அதுவரை பல்லாயிரம் ஆண்டுகள் எனக் கருதப்பட்டதற்கு இது ஆறுதலான செய்திதான். ஆனால் ஒரு தலைமுறையின் ஆயுளோடு ஒப்பிட்டால் ஆறுதல் சிறிது.

அழிவதற்கும் ஒரு விலை உண்டு. 2018இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர், வெயில் பட்ட பிளாஸ்ரிக் மெதேன், எதிலீன் ஆகிய வாயுக்களை வெளிவிடுவதையும், பைகளுக்குப் பயன்படும் மெல்லிய பொலித்தீனே அவற்றை மிகுதியாக வெளிவிடுவதையும் கண்டனர். 2020இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய சோதனையில், ஒளியால் கரைந்த பதார்த்தங்களுட் பெரும்பாலானவற்றைப் பக்ரீரியாக்கள் உண்டபோதிலும், ஒருவகைப் பொலித்தீனிலிருந்து கரைந்தவை அவற்றின் வளர்ச்சியைத் தடுத்தன. சங்கிலிகள் அறும்போது, உள்ளே பூட்டப்பட்டிருந்த மென்மையூட்டிகளும் நிறங்களும் வெளியேறுகின்றன. முன் சொன்ன காவலாளிகளும் அவற்றோடு நீரில் கலக்கின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

இவற்றை அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். மூன்று செய்திகளை வாசகர்கள் மனத்திற் கொள்ளலாம்.

முதலாவது, "வெயிலில் தானாக உக்கிவிடும்" என்ற விளம்பரத்தைப் பற்றியது. சிலவகைப் பைகளில் உலோக உப்புகளைக் கலந்து ஒட்சியேற்றத்தை விரைவுபடுத்தி, அதனைச் சுற்றாடலுக்கு உகந்ததென விற்றார்கள். மேலே கண்டபடி, அது வெயிலுக்குக் கூலி கொடுத்துத் துண்டாடுவதேயன்றி வேறில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டமியற்றி, 2021 யூலை முதல் இவ்வகைப் பிளாஸ்ரிக்கைத் தடைசெய்தது. ஊருக்குச் செல்லும்போது அங்கே இத்தகைய பைகளைக் கண்டால் ஏமாற வேண்டியதில்லை.

இரண்டாவது, பொருள் பொடியாகுமுன் அதனை அகற்றுவது. பிரான்சில் 2016 யூலை முதல் கடைக் காசு மேடையில் கொடுக்கும் ஒருமுறைப் பைகளும், 2017 சனவரி முதல் மரக்கறி நிறுத்துக் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் பைகளும் தடைப்பட்டன. இலங்கையில் 2017 செப்டெம்பரில் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. தமிழ்நாட்டில் 2019 சனவரியில் ஒருமுறைப் பயன் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. சட்டம் புதியதைத் தடுக்கலாம். ஊர் வளவின் வேலியில் கிழிந்து தொங்கும் பழைய தறப்பாள், கிணற்றடியில் கிடக்கும் வெளிறிய வாளி, கரையில் விட்டுப்போன நைலோன் வலை ஆகியவற்றைச் சட்டம் வந்து எடுக்காது. கையில் வெண்பொடி ஒட்டத் தொடங்கினால், காவலாளிகள் போய்விட்டார்கள் என்று பொருள். அப்போதே அதனைச் சுருட்டி அகற்றிவிட வேண்டும். அடுத்த மழைவரை காத்திருந்தால் கிணற்றுக்கும் குளத்துக்கும் அதனைத் தானம் செய்தவர்களாவோம். எரிப்பதும் வழியன்று, கருகிய துண்டுகளின் கதையைச் சரக்குவக் கரையில் பார்த்தோம்.

மூன்றாவது, இங்குள்ள ஊர்ச் சங்கங்களுக்கு உரியது. பாடசாலைக்கும் கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் பணம் அனுப்பும் சங்கங்கள் நம்மிடையே பல உள்ளன. கரையோர ஊர்களைச் சேர்ந்தவை, பருவக்காற்று ஓய்ந்தவுடன், கடும் வெயில் தொடங்குமுன், கரையை அரித்துத் துப்புரவாக்கும் ஒரு வாரத்துக்குக் கூலியும் அரிதட்டும் கையுறையும் வழங்கலாம். பெரிய செலவன்று. பாடு குறைந்த நாட்களில் கடற்றொழில் குடும்பங்களுக்கு வருமானமும் ஆகும். செய்யும் காலம்தான் முக்கியம். வைகாசியில் அள்ளத் தவறிய மணியை அடுத்த வைகாசியில் அள்ள முடியுமா என்பது ஐயமே.

வில்லெத் நீர்த்தேக்கக் கரையில் கேள்வி கேட்ட பிள்ளைக்கு இனி நாம் விடை சொல்லலாம். "வெயில் அதை உடைக்கும், பிள்ளை, இங்கை மெதுவாய், ஊரிலை கெதியாய். ஆனால் உடைஞ்சது எங்கையும் போகாது. உது முழுசாய் இருக்கேக்கையே எட்டி எடுத்திடு." போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தால், அந்தப் பிள்ளையே அதனை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வரும்.